அப்பா குரல்

பிள்ளை பெறுவதற்கு வகுப்புக்குப் போக வேண்டும் என்று நித்திலா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். கார் ஓட்டுவதையே வகுப்புக்குப் போகாமல் கற்றுக்கொண்டவன் நான்.

"எல்லாரும் போறாங்க மாமா. வகுப்புக்குப் போனாத்தான் அங்க பிரசவத்துக்கே எடம் குடுப்பாங்களாம்," என்றாள். எங்கள் பக்கத்தில் கட்டியவனை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்படிக் கூப்பிட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

ஆக, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மகப்பேறு மையத்தின் மூன்றாவது மாடியில், பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மொத்தம் பன்னிரண்டு ஜோடிகள், எல்லோருக்கும் முதல் பிள்ளை. பெண்கள் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்க்க, பன்னிரண்டு ஆண்களும் ரப்பர் பொம்மைக்கு நாப்கின் கட்டினோம். நான் கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதகன். மோட்டார் தண்டு ஒரு மயிரிழை கூடக்குறைய இருந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளிவிடுவேன். நான் கட்டிய நாப்கின் இரண்டு தடவை கழன்று விழுந்தது.

"பப்ஸ் மடிக்கிற மாதிரி மடிங்க பாஸ்," என்றார் பக்கத்துப் பாய்க்காரர். அவர் பெயர் ஜாபர். குனியமுத்தூரில் பேக்கரி வைத்திருந்தார். அவர் பொம்மை அழகாகக் கட்டிய பொட்டலம் மாதிரி படுத்திருந்தது. அன்றே அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

வகுப்பு எடுத்தவர் ரெபேக்கா மேடம். அந்த மையத்தின் மூத்த செவிலியர். இருபது வருடமாகக் குழந்தைகளை வெளியே எடுத்துக்கொண்டிருப்பவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தலையை எப்படித் தாங்க வேண்டும், பால் குடித்த பிறகு எப்படித் தட்ட வேண்டும், குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது வாரம் ஒரு பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு பட்டை கொடுத்தார். மெத்தென்று, இளம் மஞ்சள் நிறத்தில், விரித்தால் இரண்டு கை அகலம் இருந்தது.

"இதுக்குப் பேரு பேச்சுப் பட்டைங்க. அம்மா வயித்துல கட்டிக்கிட்டா, அப்பா பேசறது பாப்பாவுக்குத் தெளிவாக் கேக்கும். பாப்பா என்ன பண்ணுதுன்னு நமக்கும் தெரியும். தூங்குதா, துள்ளுதா, பயப்படுதான்னு எல்லாம் போன்ல வந்துரும்."

"உள்ள இருக்கறதுக்குப் பயமெல்லாம் இருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"வெளிய இருக்கற உங்களுக்கே இருக்குதுங்களே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜாபர் கேட்டார்: "அப்பா மட்டும் பேசுனாப் போதுமா மேடம்?"

"அம்மா குரல் உடம்பு வழியாவே எந்நேரமும் போயிட்டிருக்குது. அம்மா தனியாப் பேச வேண்டியதே இல்லீங்க. அப்பாதான் பாவம், வெளியாளு. அவரைத்தான் அறிமுகப்படுத்தணும்."

வெளியாள் என்ற வார்த்தை என்னைக் குத்தியது. என் அப்பா லாரி ஓட்டினார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் அம்மா முந்தானைக்குள் போய் நுழைந்துகொள்வேனாம். அவர் ஆசையாக வாங்கி வந்த பலகாரத்தை அம்மா வாங்கித்தான் எனக்குக் கொடுக்க வேண்டியிருந்ததாம். இது எனக்கு நினைவில்லை. ஆனால் அப்பாவுக்கு நினைவிருந்தது, கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். என் பிள்ளைக்கு நான் அப்படி ஆகிவிடக்கூடாது என்பதில் எனக்கு வெறியே இருந்தது என்று சொல்லலாம். வேறெந்த ஆசையும் எனக்குப் பெரிதாக இல்லை.

பட்டையோடு ஒரு எண்ணும் வந்தது. குழந்தைக்கு அப்பாவின் குரல் எவ்வளவு பழகியிருக்கிறது என்று நூற்றுக்கு இத்தனை எனப் போனில் காட்டும். பழக்க எண் என்பார்கள். தினம் இருபது நிமிடம் பேச வேண்டும். முதல் நாள் எனக்கு வாயே வரவில்லை. வயிற்றைப் பார்த்து என்ன பேசுவது? கடைசியில் அன்றைக்குக் கம்பெனியில் எத்தனை தண்டு தள்ளுபடி ஆனது, ஏன் ஆனது என்று சொன்னேன். நித்திலா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். எண் ஒன்பது. அடுத்த வாரம் பதினான்கு. ஜாபருக்கு அப்போதே முப்பத்தெட்டு.

ஆனாலும் ஒரு சாயங்காலம், நான் வால்வு பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, என் உள்ளங்கைக்கு அடியில் ஒரு உதை விழுந்தது. நிறுத்தினேன். மறுபடி பேசினேன். மறுபடி ஒன்று. அன்று எண் இருபத்துமூன்று. நான் வெளியே போய் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தேன். அழுததை நித்திலாவிடம் சொல்லவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பும் கட்டுச்சோறும் நடந்தன. ஏழு வகைச் சோற்றோடு வந்த என் மாமனார் வீட்டார், விருந்து முடிந்ததும் மகளைத் தாராபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு, தாய்வீட்டுப் பொறுப்பு. வலி எடுக்கும் சமயத்தில் கோயமுத்தூருக்கு அழைத்து வந்துவிடுவார்கள். அதுவரை நான் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி.

இதைப் பற்றி முன்னதாகவே ரெபேக்கா மேடம் வகுப்பில் பேசியிருந்தார்.

"நம்ம ஊர்ல இந்த மூணு மாசந்தானுங்க பிரச்சினையே. பாப்பாவுக்குக் காது நல்லாக் கேக்கற சமயத்துலதான் அப்பா காணாமப் போயிடறாரு. அதுக்குத்தான் அப்பாவுக்குப் பதிலாப் பேசறதுக்கு ஒரு பதில் குரல் வெச்சிருக்கோம். நீங்க ஒரு மூணு மணி நேரம் பேசிக் குடுத்தாப் போதும். அப்புறம் அதுவே உங்க குரல்ல பேசிக்கும்."

"நான் என்ன பேசுனனோ அதையேவா?"

"இல்லீங்க. புதுசு புதுசாப் பேசும். பாப்பா எதைக் கேட்டா நிம்மதியா இருக்குதோ அதைப் பேசும்."

"எங்களை மாதிரியேவா?"

"உங்க சம்சாரத்துக்கே வித்தியாசம் தெரியாதுங்க."

ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினேன். இருந்தாலும் அதை முழுக்க நம்பிவிட நான் விரும்பவில்லை. ஞாயிறுதோறும் நேரில் போய் நானே பேசுவேன், வாரநாளில் மட்டும் அது பேசட்டும் என்று தீர்மானம் செய்திருந்தேன். அந்தத் தீர்மானம் ஒரே ஒரு ஞாயிறு நின்றது என்று சொன்னால் அதுவும் பொய்.

அந்த முதல் ஞாயிறு மாமனார் வீட்டுக் கூடத்தில் நடந்ததை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. கூடத்தின் நடுவே நித்திலா கட்டிலில் சாய்ந்திருந்தாள். மாமனார் வெள்ளியங்கிரி எதிரே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பட்டையைத் தொட்டதும் வீடே கோயில் மாதிரி ஆகிவிட்டது. மாமியார் மிக்ஸியை நிறுத்தினார். டிவியை அணைத்தார்கள்.

"மாப்பிள்ளை பாப்பாகிட்டப் பேசறாரு, ஆரும் சத்தம் போடாதீங்க," என்று மாமியார் சமையலறையிலிருந்து உத்தரவு போட்டார்.

மாமனார் பேப்பரைத் தாழ்த்திவிட்டு, "பேசுங்க மாப்ள," என்றார்.

மாமனாருக்கு முன்னால் கால்மேல் கால் போடாதவன் நான். அவர் மகளின் வயிற்றருகே குனிந்து, வீடே கேட்க, என்ன கொஞ்சுவேன்? "நல்லா இருக்கறியா?" என்றேன். பதில் வராது என்று தெரிந்தும் எல்லோரும் காத்திருந்தார்கள். "சாப்பிட்டியா?" என்றேன். நித்திலாவின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மாமனார் ஒரு தரம் கனைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

"பட்டையே பேசட்டும் நித்தி. அதுக்குத்தான் நல்லாப் பேச வருது," என்றேன். இந்த ஒரு வாக்கியந்தான் நான் செய்த தப்பு. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் நான் சாப்பிட்டேன், மாமனாரோடு தேங்காய் விலை பேசினேன், திரும்பி வந்தேன். வயிற்றிடம் பேசவில்லை.

எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. நாற்பது, அறுபத்திரண்டு, எழுபத்தெட்டு. கம்பெனியில் எல்லோரிடமும் போனைக் காட்டினேன். "உம் புள்ளை பொறந்ததும் அப்பான்னுதான் கூப்பிடும்போலிருக்குது," என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாருடைய எண் ஏறுகிறது என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

ஒருநாள் நித்திலாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, அவள் பக்கத்திலிருந்து மெல்லிய முணுமுணுப்பு கேட்டது. நித்திலா அதற்கு "ம்" என்றாள்.

"யாருகிட்டப் பேசற?"

"உங்ககிட்டத்தான்," என்று சிரித்தாள். "பட்டை மாமா. வெளிய வர்ற சத்தம் கொஞ்சந்தான், ஆனாப் பக்கத்துல ஆளு இருக்கற மாதிரியே இருக்குது. கேட்டுட்டே தூங்கிப் போயிடறேன். நீங்க இவ்வளவு பாந்தமாப் பேசுவீங்கன்னு எனக்கே தெரியாது."

"நான் பேசலியே நித்தி."

"தெரியும் மாமா," என்றாள். முணுமுணுப்பு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு நான் உள்ளே நுழைந்து, "அத்தை, தண்ணி குடுங்க," என்றதும் நித்திலா வயிற்றில் கைவைத்தாள். "துள்ளிட்டே இருந்துச்சு. நீங்க வந்ததும் அப்படியே அடங்கிருச்சு பாருங்க," என்றாள். மாமியாருக்குப் பூரிப்பு. அப்பனுக்கு இப்பவே பயப்படுது என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பூனை வந்தால் அணில் அடங்குவதும் அப்படித்தான் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

முப்பத்தாறாவது வாரம் கடைசி வகுப்பு. மனைவிகளை ஒருநாளைக்கு அழைத்து வந்திருந்தோம். ரெபேக்கா மேடம் ஒவ்வொரு ஜோடியாகக் குரல் தேர்வு வைத்தார். முதலில் முன்பின் தெரியாத ஒருவர் பட்டையில் பேச வேண்டும், பிறகு அப்பா, பிறகு பதில் குரல். குழந்தையின் இதயத் துடிப்பு திரையில் ஓடும். எங்கள் பாயில் அந்நியராக வந்து பேசியது ஜாபர். துடிப்பு நூற்று நாற்பதிலிருந்து நூற்று ஐம்பத்தெட்டுக்கு ஏறியது.

"பயந்துக்குது. புது ஆளில்லீங்களா, அப்படித்தான்," என்றார் மேடம். "இப்ப நீங்க பேசுங்க."

"அப்பா வந்திருக்கறேன்," என்றேன்.

நூற்று அறுபத்துமூன்று.

மேடம் பதில் குரலைப் போட்டார். கோடு சரிந்து சரிந்து நூற்று முப்பத்தாறில் போய் நின்றது. நித்திலாவின் முகமும் அதே சமயத்தில் தளர்ந்ததைப் பார்த்தேன்.

"எனக்கு அது என்ன பேசுதுன்னு கேக்கணுமுங்க," என்றேன். மேடம் காதில் வைத்துக்கொள்ள ஒன்று கொடுத்தார். முதலில் என் குரல் என்றுதான் தோன்றியது. என் கட்டைத்தொண்டை, என் இழுவை. ஆனால் தினம் ஆயிரம் தண்டை அளக்கிறவனுக்கு ஏதோ உறுத்தியது. மூச்சு விடும் இடம் என்னுடையது இல்லை. வார்த்தைகளுக்கு முனையே இல்லாமல் இருந்தது. 'ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல. எல்லாம் சரியாத்தான் இருக்குது. நீ சும்மா இரு சாமி' என்றது. திரும்பத் திரும்ப அதைத்தான் வேறு வேறு மாதிரி சொன்னது.

ஜாபரிடம் போய் அவர் மனைவியின் பட்டையைக் கேட்டு வாங்கினேன். 'ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல.' அதே மூச்சு, அதே முனையில்லாத வார்த்தை. எங்கள் பக்கத்தில் பிள்ளையைச் சாமி என்று கொஞ்சுவது வழக்கம்; ஜாபர் வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அவரும் காதில் வைத்துக் கேட்டார். அவர் முகம் வெளுத்துப்போனது. இன்னும் இரண்டு ஜோடிகளுடையதைக் கேட்டோம். அச்சு அதேதான்.

"மேடம், இது என் குரல் இல்லீங்க."

"உங்க குரல்ல இருந்து வந்ததுதானுங்க."

"வந்துச்சு. இப்ப எங்க போயிருக்குது?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாப்பா எதுக்கு நிம்மதியாகுதோ அந்தப் பக்கமா அது நகருமுங்க. தினமும் ஒரு துளி. நீங்க கோவமாப் பேசற மாதிரி ஒரு வார்த்தை இருந்தா அடுத்த நாள் அது இருக்காது. பாப்பா திடுக்குனா அந்தச் சத்தத்தை எடுத்துரும். அப்படியே ரெண்டு மாசம் போனா..."

"எல்லாரும் ஒரே எடத்துல வந்து நிக்கறோம்."

"எல்லாப் பாப்பாவுக்கும் புடிக்கறது ஒண்ணுதான் போலிருக்குதுங்க," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது மாதிரி எனக்குப் பட்டது. பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "முன்னெல்லாம் மாசத்துக்கு ரெண்டு மூணு குறைமாசத்துல வந்துரும். உள்ளங்கை அளவு இருக்கும். தூக்கிட்டு ஓடியிருக்கறேன். பாதி தங்காது. இந்தப் பட்டை வந்து ஒரு வருசம், இருநூத்திப் பத்து பிரசவம், குறைமாசம் ரெண்டே ரெண்டு. இதை வேண்டாம்னு நான் எப்படிங்க சொல்லுவேன்?"

அன்று எனக்குக் கோபம் வந்திருந்தது. அந்தக் கோபத்தில் நித்திலாவின் பட்டையில் பதில் குரலை நானே அணைத்தேன். "நான் பேசறேன். பழகிக்கட்டும்," என்றேன்.

பேசினேன். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை எனக்கு வெட்கம் வரவில்லை. உன்னை முதல்முதலில் தொட்டது எந்தச் சாயங்காலம் என்று சொன்னேன், உன் பாட்டன் லாரியைப் பற்றிச் சொன்னேன். திரையில் நூற்று ஐம்பது, நூற்று அறுபத்தைந்து, நூற்று எழுபத்தொன்று என்று ஏறியது. நித்திலாவின் வயிறு கல் மாதிரி இறுகியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போட்டுருங்க மாமா."

"இன்னும் ஒரு நிமிசம் நித்தி."

"பாப்பாவுக்கு முடியல மாமா. போட்டுருங்க."

அந்த ஒரு நிமிடத்தை நான் கேட்டிருக்கக்கூடாது. உள்ளே ஒரு உயிர் என்னைக் கேட்டுப் பயந்து துடிக்கும்போது, என் உரிமைக்காக இன்னும் ஒரு நிமிடம் கேட்டேன். பிறகு நானே போட்டேன். கோடு இறங்கியது. அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். வெளியே வரும்வரை நித்திலா என் மணிக்கட்டை விடவில்லை.

மகள் குறைவின்றிப் பிறந்தாள். மூன்று கிலோ நூறு. அமிழ்தா என்று பெயர் வைத்தோம். ரெபேக்கா மேடம் துணியில் சுற்றி என் கையில் கொடுத்ததும், "அமிழ்தா," என்றேன். முகம் கோணி, உதடு நடுங்கி, வீரிட்டாள். வெறும் புதுக் குழந்தையின் அழுகைதான் அது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். மேடம் தொட்டிலருகே இருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, "அப்பா குரல் போடட்டுங்களா?" என்று கேட்டார்.

அங்கே எல்லோரும் அதை அப்படித்தான் சொன்னார்கள். பெட்டியின் பொத்தானிலும் அதுதான் எழுதியிருந்தது. போட்டதும் அமிழ்தா கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.

அந்தப் பெட்டி எங்களோடு வீட்டுக்கும் வந்தது. பெட்டி பேசினால் பால் குடிப்பாள், குளிப்பாள், தூங்குவாள். நான் பேசினால் அழுவாள். அதனால் நான் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டினேன். ஐந்து மாதம் அப்படி ஓடியது. நாள் போனால் பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நாள் போனது, அவள் பழகவில்லை.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அளவுக்குச் சரியில்லாத தண்டைத் தள்ளுபடி செய்வதற்குப் பதில் தேய்த்துச் சரிசெய்வதும் உண்டு. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, பெட்டி மாதிரிப் பேசிப் பழகினேன். வார்த்தையின் முனையை மழுக்கினேன். மூச்சை அது விடும் இடத்தில் விட்டேன். ஒரு மாதம் ஆயிற்று. ஒருநாள் தொட்டிலருகே போய் நின்று, "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல," என்றேன். அமிழ்தா என்னைப் பார்த்தாள். சிரித்தாள். என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்தோம். நித்திலா எனக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தாள். மூன்று மாதம் நான் உலகத்திலேயே சந்தோசமான ஆள். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அந்தக் குரலில்தான் பேசினேன். நாளடைவில் வெளியிலும் அதுவே வந்துவிட்டது. கம்பெனியில் ஒரு சரக்கைத் தள்ளுபடி செய்யும்போது, "சரியாத்தான் இருக்குது," என்று வாயில் வந்தது. மாமனார் போனில், "ஆருங்க பேசறது?" என்று இரண்டு தடவை கேட்டார். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மகள் என்னிடம் வந்தாள், எனக்கு அது போதும்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு அதே மூன்றாவது மாடிக்குப் போனோம். எங்கள் வகுப்பில் ஏழு ஜோடிகள் வந்திருந்தார்கள். நல்ல கூட்டாளிகளைப் பார்த்த மாதிரி எல்லோரும் சிரித்துப் பேசினோம். ஜாபர் மகனை மடியில் வைத்திருந்தார். பையன் புதிய இடம் பார்த்துச் சிணுங்கினான்.

ஜாபர் அவன் பக்கம் குனிந்து, "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல," என்றார்.

அதே குரல். அவரும் எங்கோ ஒரு குழாயைத் திறந்துவிட்டுப் பழகியிருக்கிறார். என் தோளில் சாய்ந்திருந்த அமிழ்தா சட்டென்று நிமிர்ந்தாள். ஜாபரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, அவரிடம் போக வேண்டுமென்று எம்பினாள். நான் இறுக்கிப் பிடித்தேன். என்னைத் தள்ளினாள். அங்கிருந்த மற்ற குழந்தைகளும் அவர் பக்கமே திரும்பியிருந்தன.

ஜாபர் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் எதையோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அவர் தலை குனிந்துகொண்டார்.

அந்த நேரத்தில் ரெபேக்கா மேடம் ஊசித் தட்டோடு வந்து சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார். கூரையிலிருந்து குரல் இறங்கியது. ஒண்ணுமில்ல சாமி. நீ சும்மா இரு சாமி. ஏழு குழந்தைகளும் ஒரே சமயத்தில் மேலே பார்த்து அசையாமல் இருந்தன.

"முன்னெல்லாம் ஒரு புள்ளைக்கு ரெண்டு பேரு புடிச்சுக்கணுமுங்க. இப்ப நான் ஒருத்தியே போட்டுருவேன்," என்றார் மேடம், வேலை செய்துகொண்டே. வரிசையாகப் போட்டு வந்தார். ஒன்றுகூட அழவில்லை. அமிழ்தாவின் முறை வந்தது. நித்திலா மடியில் வைத்துக்கொண்டாள். சின்னஞ்சிறு கையில் ஊசி இறங்கியதை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. ஊசியை எடுத்த இடத்தில் ஒரு துளி ரத்தம் நின்றது. அவள் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இவளை யார் என்ன செய்தாலும் இப்படித்தான் இருப்பாளா என்று நினைத்தேன். சும்மா இரு என்று அந்தக் குரலில் யார் சொன்னாலும்.

மூன்று மாதமாகப் பேசாத என் சொந்தக் குரலைத் தேடி எடுத்தேன். தொண்டையில் சிக்கிக் கரகரத்தது.

"அமிழ்தா. வலிக்குதாடா?"

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். உதடு நடுங்கியது, பிறகு வாய் கோணி வீரிட்டாள். கை வலிக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்த மாதிரி, ஊசி போட்ட கையை உதறி உதறி அழுதாள். அந்த அறையிலேயே அழுத ஒரே பிள்ளை என் பிள்ளைதான். நான் விடாமல் பேசினேன். வலிக்கும், வலிக்கத்தான் செய்யும், அழு, நல்லா அழு என்றேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவளை அழவைத்தோமே என்று வருத்தமாகத்தான் இருந்திருக்க வேண்டும். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

மற்ற பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளை எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளித் தூக்கிக்கொண்டார்கள். ரெபேக்கா மேடம் கோபப்படவில்லை. பஞ்சை வைத்து அமுக்கிவிட்டு, நித்திலாவிடம் ஒரு சீட்டை நீட்டினார்.

"அடுத்த ஊசி ஒண்ணரை வயசுலங்க. அதுக்கு நீங்க மட்டும் கூட்டிட்டு வந்தாப் போதும். அப்பா குரல்தான் இங்கயே இருக்குதுங்களே."

நான் நித்திலாவைப் பார்த்தேன். அவள் அழும் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க மேடம்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீங்க கீழ போயிக் காரை எடுங்க மாமா. இவ அழுகை நிக்கட்டும்," என்றாள்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். செருப்பை மாட்டுவதற்குள் உள்ளே சத்தம் அடங்கிவிட்டது.